கண்ணீர்ச் சுழி

கரீம் பாய் விரலில் தேங்காயெண்ணெயைத் தொட்டு, இடது கண்ணுக்குக் கீழே சிலிர்த்து நின்ற முடியை மூன்றாவது தடவையாக அழுத்திச் சீவினார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு சிங்காரம் நடந்திருக்காது.

"ஆடாம நில்றா என் ராஜா. இன்னிக்கு ஒரு நாள் இந்த வாப்பா மானத்தக் காப்பாத்து."

ராஜா நின்றான், நான்கு காலிலும். ஒன்றரை வயது ரேஸ் குதிரைக் குட்டி. அப்பன் மூன்று கோப்பை ஜெயித்தவன். குட்டியிடம் குறை என்று சொன்னால் அந்தக் கண்ணுக்குக் கீழே இருந்த சுழி ஒன்றுதான்.

சேலையூரைத் தாண்டி பாய் நடத்திவந்த சின்னப் பண்ணையில் இந்த வருஷம் ஏலத்துக்குத் தேறியது இவன் மட்டும்தான். ஆறு லட்சத்துக்குப் போகாவிட்டால் இவனுடைய தாயையும் விற்றுவிட்டுப் பண்ணையை மூட வேண்டியதுதான். பத்து வருஷம் கூடவே இருந்த குதிரை அது.

வேங்கைவாசல் மைதானத்தில் ஏலம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. அஸ்தினாபுரத்திலிருந்து வந்திருந்த காந்திமதி என்ற அம்மாள் ராஜாவின் முன்னால் வந்து நின்றார். காதில் போன்.

"பார்த்துட்டுத்தான் இருக்கேன் வக்கீல் சார். சரியா அமைஞ்சா இன்னிக்கே முடிச்சிடறேன்."

வக்கீலைக் கேட்டு வாங்குகிற ஆள் என்றால் சொத்து பத்து உள்ளவராகத்தான் இருக்க வேண்டும். பாய் நிமிர்ந்து நின்றார்.

"குதிரைக்குச் சுழி பார்ப்பாங்களாமே பாய், இதுக்கு ஏதாவது இருக்கா?"

"சுழியா? இன்னா மேடம் நீங்க! பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினாலும் கெடைக்காது. சுத்தமான குட்டி. ஆறு லட்சத்துக்குக் கீழ தர்றதா இல்ல."

"ஓ, இல்லையா" என்று சுரத்தில்லாமல் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் அடுத்த குதிரையைப் பார்க்கப் போய்விட்டார். நல்ல பதில்தானே சொன்னோம் என்று பாய் விழித்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அப்பாதுரை. சுழி பார்ப்பதில் சூரர். பில்டர் சாம்பசிவன் அவரைக் காரில் வைத்துக் கூட்டிவந்திருந்தார். தோள் துண்டை எடுத்து ராஜாவின் கண்ணுக்குக் கீழே ஒரே துடை. எண்ணெய் போனது, சுழி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

"கண்ணீர்ச் சுழி கீது சார்! எண்ணெய வெச்சு மறைச்சிகினு கீறாரு பாய்" என்று மைதானத்துக்கே கேட்கும்படி கத்தினார். "குதிர எவன் பேர்ல கீதோ, அவன் கண்ணு காயாது. இந்த மாதிரி நாலு குதிர பாத்துட்டேன். நாலு எசமானும் நடுத்தெருவுல."

சாம்பசிவன் பத்தடி பின்வாங்கினார். காந்திமதியோ விடுவிடுவென்று திரும்பி வந்தார்.

"வீட்ல மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே பெரியவரே?"

"சேச்சே! யார் பேரோ, அவனுக்கு மட்டும்தான்."

"மேடம், அதெல்லாம் மூட நம்பிக்கை!" என்று பாய் குறுக்கே விழுந்தார்.

"நீங்க சும்மா இருங்க பாய். அவர் சொல்லட்டும்."

பாவம், பிள்ளை குட்டிக்காரி, பயந்துவிட்டார் என்று பாய்க்குத் தோன்றியது. உள்ளதும் போச்சு.

ஏலம் விடுகிற ஜீவானந்தம் ராஜாவின் பரம்பரையை மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, நாலு லட்சத்தில் ஆரம்பித்தார். ஒரு கை எழவில்லை. மூன்றரைக்கு இறங்கினார். சாம்பசிவன் ஏலப் புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தார். மூன்று என்றபோது பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது.

"பாத்தியா பாய்?" என்று அப்பாதுரை அவர் காதோடு சொன்னார். "குதிர இன்னும் ஒன் பேர்லதானே கீது."

"ஆறு!"

காந்திமதியின் கை உயர்ந்திருந்தது. ஜீவானந்தம் மைக்கையே ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "மேடம், நான் கேட்டது மூணு..."

"பாய் ஆறுக்குக் கீழே தரமாட்டாராமே? ஆறு. முடிங்க."

சுத்தியல் விழுந்தது. பாய் மேலே பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார். தாய்க்குதிரை பிழைத்தது, பண்ணை பிழைத்தது. படித்தவர்கள் படித்தவர்கள்தான் என்று நினைத்தபடி, பணம் கட்டுகிற மேஜைக்கே ஓடினார்.

"சுழியாவது மண்ணாவதுன்னு தூக்கிப் போட்டுட்டீங்களே மேடம்! உங்கள மாதிரி நாலு பேரு இருந்தா நாடு உருப்பட்டுடும்."

காந்திமதி பையிலிருந்து காகிதங்களை எடுத்து அடுக்கினார். மேஜைக்காரர் பேனாவைத் திறந்தார்.

"ஓனர்னு உங்க பேர்தானே மேடம்?"

"இல்லைங்க, என் வீட்டுக்காரர் பேரு. அவர் கையெழுத்துப் போட்ட ஃபாரம் இதோ இருக்கு."

"சாருக்குக் குதிரைன்னா ரொம்ப ஆசையோ?" என்று பாய் வாயெல்லாம் பல்லாகக் கேட்டார்.

"உயிர் பாய். ஒரு ரேஸ் குதிரை வாங்கிக் குடுத்தாத்தான் டைவர்ஸுக்கே சம்மதிப்பாராம்."