மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர்

கோழி எழுந்திருக்கவில்லை.

அவள் கையால் தள்ளிப் பார்த்தாள். அது உடம்பை உப்பிக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தியது.

கம்பளி நூல் முழுவதும் அதற்கு அடியில் இருந்தது. கூடை நிறைய நூல். வீட்டுச் செம்மறிகளின் ரோமத்தைக் கத்தரித்து, அலசி, ஒட்டியிருந்த முள்ளையும் புழுக்கையையும் பொறுக்கி, நூற்று, உருண்டையாகச் சுற்றி வைத்தது.

அடைகாக்க இந்த வீட்டில் வேறு இடமே இல்லையா?

"எந்திரி சனியனே."

எழவில்லை. நூலைக் கோழிக்கு அடியிலிருந்து உருவி உருவித்தான் பின்ன வேண்டியிருந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் அது உறுமியது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வருகிறார். வந்திருக்கும் மகளைத் திரும்ப அழைத்துப் போக.

எல்லாம் மகளின் அப்பா பேசி முடித்தது. பேசிவிட்டு, கேரட் லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்கு இறங்கிவிட்டார். போகும்போது லாரியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்.

"வாரவரு வெறுங்கையோட போகக் கூடாது. நல்லதா ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடு. மனசு குளுந்துரும்."

உடம்பு முடிந்துவிட்டது. ஒரு கை முடிந்துவிட்டது. இரண்டாவது கை முழங்கை வரை வந்திருந்தது. மாப்பிள்ளை அகலமான மனிதர். எவ்வளவு நூல் போட்டாலும் போதவில்லை.

மகள் வினோதா கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

வந்த நாளிலிருந்து அங்கேதான். ஏன் வந்தாய் என்று கேட்டால், "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேம்மா" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது. தட்டில் வைத்தால் தின்றாள். வைக்காவிட்டால் கேட்கவில்லை.

அதைப் பார்க்கப் பார்க்க இன்னும் எரிச்சலாக வந்தது.

பீன்ஸ் பாத்தியில் கொடி முறியும் சத்தம் கேட்டது.

சீனி.

தாய் செத்த குட்டி என்று பால் புட்டி கொடுத்து வளர்த்த ஆடு. பட்டியில் அடைத்தால் நிற்காது. மற்ற ஆடுகளோடு சேராது. தன்னை ஆடு என்றே அது நினைப்பதில்லை.

அவள் பின்னலை வாசல் கட்டிலில் போட்டுவிட்டு ஓடினாள். சீனி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தது. நேராகக் கட்டிலுக்குப் போனது. ஸ்வெட்டரை வாயில் கவ்வியது.

"விடு! ஏய், விடு!"

விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது. வாசலைத் தாண்டி ஓடியது.

நூல் உருண்டை கோழிக்கு அடியில். ஸ்வெட்டர் ஆட்டின் வாயில். நடுவில் வாசல் முழுக்க நூல். ஊசிகள் எங்கோ உருவிக்கொண்டு விழுந்தன. அரைக் கை பிரிந்துகொண்டே போனது. சேவல் ஒன்று காலில் நூலைச் சுற்றிக்கொண்டு கத்தியது. போன மழையின் சேறு இன்னும் காயவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை.

"ஆடுதான் ஆடு! நீயுமா கல்லு மாதிரி உக்காந்திருப்ப? எந்திரிச்சு வந்து பிடிக்கக் கூடாதா?"

வினோதா எழுந்தாள். வந்த பிறகு முதல் தடவையாக ஓடினாள். துணி துவைக்கும் கல்லருகே சீனியை மறித்து, கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா வேலியிலிருந்து ஒரு கம்பைப் பிடுங்கினாள். பாய்ந்து போனாள். ஓங்கினாள்.

வினோதா ஆட்டை விட்டுவிட்டாள்.

அப்படியே கீழே குந்தி, இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

கம்பு மேலேயே நின்றது.

ஆடு ஸ்வெட்டரைத் துப்பிவிட்டுப் போனது.

"ஆட்டத்தான்டி," என்றாள். "ஆட்ட அடிக்கத்தான்டி வந்தேன்."

"தெரியும்மா."

தெரியும் என்றாள். ஆனால் கைகள் உடனே இறங்கவில்லை.

அவள் கம்பை வேலிக்கு அப்பால் வீசினாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். கேட்க இனி ஒன்றும் இல்லை.

வினோதாதான் ஸ்வெட்டரை எடுத்தாள். சேற்றைத் தட்டினாள்.

"ஒரு கைதான்மா பிரிஞ்சிருக்கு. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சிரலாம்."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். உண்மைதான். உடம்பு நன்றாக இருந்தது. நெருக்கமான, ஒரு கண்ணி தப்பாத பின்னல்.

நூலின் நுனியைப் பிடித்து இழுத்தாள்.

மிச்சம் இருந்த கையும் பிரிந்தது. முடிந்த கையின் ஓரத்தில் முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதையும் இழுத்தாள்.

"என்னம்மா பண்ற?"

"கைய நீட்டு."

வினோதா இரண்டு கைகளையும் நீட்டினாள். அவள் பிரித்த நூலை அந்தக் கைகளில் சுற்ற ஆரம்பித்தாள். வரிசை வரிசையாகத் தோள் போனது. மார்பு போனது. பின்னலில் கிடந்த நூல் சுருள் சுருளாக வந்தது.

வீட்டுக்குள் ஃபோன் ஒலித்தது.

"அப்பாவாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும். ராத்திரி நான் பேசிக்கிறேன். எல்லாத்தையும் பேசிக்கிறேன்."

ஃபோன் ஓய்ந்தது. மறுபடியும் ஒலித்தது.

"கழுத்து எப்படி வேணும்? வட்டமாவா, காலர் வச்சா?"

"யாருக்கு?"

"யாருக்கா?" அவள் எரிந்து விழுந்தாள். "மார்கழி வரப் போகுது. பனி கொட்டப் போகுது. இங்க இருக்கறவளுக்கு ஒரு ஸ்வெட்டர் வேணாமாடி?"

வினோதா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நூல் சுற்றிய கைகளைப் பார்த்தாள்.

"வட்டமாவே போடும்மா."