யார் சொல்லிக் கொடுத்தது?

"இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று முதலாளி கேட்டார். புது வடிவமைப்பாளரான அந்தப் பெண் வழக்கம்போலச் சிரித்து மழுப்பினாள். பக்கத்தில் நின்ற மூத்த வடிவமைப்பாளருக்கு வயிறு எரிந்தது.

அந்த நிறுவனத்தின் அரட்டைச் செயலியைப் பத்து வருடமாக வரைந்து வரைந்து வளர்த்தவர் அவர். இவள் நேற்று முளைத்தவள். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அதில் குழுக்களைச் சம்பளமில்லாமல் கட்டிக் காப்பவர்கள் அட்மின்கள். வசைப் பதிவை நீக்கினால், நீக்கியவர் பெயர் திட்டியவனுக்குத் தெரிந்துவிடும். அவன் அந்த அட்மினின் வீடு தேடிப் போய் மிரட்டுவான். இவள் அந்தப் பெயரை மறைத்தாள். விரட்டப்பட்டவன் மறுநிமிடமே புதுப் பெயரில் நுழைவான். இவள் புதியவர்களை ஒருநாள் காக்க வைத்தாள். விலகிப்போன அட்மின்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாள் அலுவலகத்துக்கே வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தன் கையை ஒருவரும் இப்படிப் பிடித்ததில்லையே என்று மூத்தவருக்கு இருந்தது.

வீட்டில் சாப்பிடும்போதும் அவருக்கு இவள் பேச்சுதான். "இதெல்லாம் எப்படித் தெரியுதுன்னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டுடுங்களேன்," என்றாள் மனைவி. நண்டுசிண்டுகளிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று எழுந்து கை கழுவினார்.

தலைமைப் பொறுப்புக்கு இவள் பெயர் அடிபட்ட அன்று, நேராக முதலாளி அறைக்குப் போனார். போட்டி நிறுவனத்தில் இவளுக்கு ஆள் இருக்கிறது, அங்கிருந்து திருடித்தான் கொண்டு வருகிறாள் என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை போலத் தோன்றியது.

முதலாளி அவளை அழைத்து விசாரித்தார். திருடவில்லை, அதற்குமேல் கேட்காதீர்கள் என்று கெஞ்சினாள்.

"மடியில கனமில்லன்னா சொல்ல வேண்டியதுதானே?" என்றார் மூத்தவர்.

"வேணாம் சார். உங்களுக்காகத்தான் இத்தனை நாளா வாயைத் திறக்கல."

"எனக்காகவா? பரவால்ல, சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் சேர்ந்த அன்னிக்கு உங்க பழைய மெயிலையெல்லாம் அழிக்கச் சொன்னீங்க. அட்மின்கள் உங்களுக்கு எழுதினது மட்டும் நாலாயிரம் இருந்துச்சு சார், ஒண்ணுகூடத் திறக்காம. அழிக்கறதுக்கு முன்னாடி நான் படிச்சேன், அவ்வளவுதான்."