வற்றாத டேங்க்

காரியம் இல்லாமல் ஒருத்தர் ஒருத்தருக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்கிற காலமா இது? அதனால்தான், டீச்சரம்மா எலுமிச்சை ஜூஸோடு வாசற்படியில் வந்து நின்றதும் கோடு மாமா மெஷினை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் புல் வெட்டுகிற நாலாவது வீடு அது. நாலாவது உபசாரமும்கூட.

"உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து குடிங்க மாமா. மெஷினை அப்படியே போட்டுட்டு வாங்க, யாரு தூக்கிட்டுப் போகப்போறா?"

இருமல் மருந்தோ, மண்ணெண்ணெயோ, எந்த பாட்டிலானாலும் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்து, யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்கிற ஆள் அவர். அந்தப் பெயர் அப்படி வந்ததுதான். அவர் மணியைப் பார்த்தார். நாலேகால்.

ஐந்து மணிக்கு பார்சல் வண்டி கிளம்பிவிடும். அதில் இந்தப் புல்வெட்டும் மெஷின் மகள் ஊருக்குப் போயாகவேண்டும். இரண்டு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருந்த மருமகனுக்கு நாளைக் காலையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வேலை. மெஷின் இல்லையென்றால் வேலையும் இல்லை.

காலையிலேயே பார்சல் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். அங்கிருந்த குமாஸ்தா டேங்கை ஆட்டிப் பார்த்தான்.

"கால் டேங்க் இருக்கே. ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் ஏத்த மாட்டோம் பெரியவரே. வேணும்னா இந்தக் கேன்ல வடிச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்குவ. நான் போனப்புறம் நல்லாப் பாத்துக்குவ."

சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். கொடுப்பதாவது! ஓட்டியே தீர்த்துவிடுவது என்று முடிவு.

தெருமுனையில் குப்பைவண்டி நின்றிருந்தது. வண்டிக்காரன் வீடு வீடாக எதையோ திருப்பி வைத்துக்கொண்டிருந்தான். "பெட்ரோல் கேனெல்லாம் குப்பையில்ல. சாக்கடையில ஊத்தினா அபராதம், ஆமா!" மழை நின்று புல் வளர்வதும் நின்றுபோன நேரம், புல் மெஷின் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் மிச்சம் இருக்கும்தானே. குப்பைக்காரன்கூட இப்போதெல்லாம் பொறுக்கித்தான் எடுக்கிறான் என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

அவர் வீட்டுப் புல்லை நேற்றுத்தான் மழித்திருந்தார். வெறும் மண்ணை வெட்டிக்கொண்டு நின்றவரை, பக்கத்து வீட்டு பேங்க்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"பெட்ரோல் தீரணும், அவ்வளவுதானே மாமா? நம்ம வீட்ல வெட்டுங்களேன்."

உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் டேங்கில் ஆணியால் கோடு கீறிக்கொண்டு இறங்கினார். பாதி வெட்டியதும் பேங்க்காரர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய் டீ கொடுத்தார். திரும்பி வந்து பார்த்தால், பெட்ரோல் கோட்டுக்கு மேலே நின்றது.

"கோட்டைத் தப்பாக் கீறிட்டனா?"

"நல்ல மெஷின் மாமா. மைலேஜ் கொடுக்குது."

அடுத்தது தையல்காரர் வீடு. அங்கே காப்பி. கோடு மாமா பெட்ரோலில் கலந்து வைத்த ஆயில் நீலம். காப்பிக்குப் பிறகு டேங்கில் பெட்ரோல் சிவப்பாகத் தெரிந்தது. கண் ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் அவருக்கு ஏற்கெனவே சந்தேகம். இப்போது உறுதியாகிவிட்டது.

மூன்றாவது பல் டாக்டர் வீடு. அங்கே டீயும் பிஸ்கட்டும். டாக்டர் சும்மா பல்லைக்கூடப் பார்த்தார். வெளியே வந்தால் டேங்க் பாதிக்கு மேல்!

கோடு மாமாவுக்குத் தலை சுற்றியது. பெட்ரோல் பங்க்காரன் வாழ்க்கையில் முதல்தடவையாக அளவுக்கு மேல் போட்டுவிட்டானா? போட்டிருந்தால் அதில் என்ன சூது?

மூன்றரை மணிக்கு மகள் போன் பண்ணினாள். "அப்பா, ஏத்தியாச்சா? அவரு மூணு தடவை கேட்டுட்டாரு."

"ஏத்திடலாம்மா" என்றார்.

அப்புறம்தான் இந்த டீச்சரம்மா வீடு. இந்த ஜூஸ்.

"ஐஸ் உருகுது மாமா. வாங்க உள்ள."

அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. டீ, காப்பி, பிஸ்கட் எல்லாம் எதற்கு? ஓசியில் புல் வெட்டிக்கொள்ளத்தான்! ஆளுக்கு ஒரு டம்ளரைக் கொடுத்துத் தெருவையே மழிக்க வைத்துவிட்டார்கள்.

"ஜூஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். மெஷினை விட்டு ஓரடி நகர மாட்டேன்."

"ரெண்டே நிமிஷம் மாமா. டிவி போடறேன்."

"வேணாம்."

"கை காலாவது கழுவிட்டு..."

"கழுவியாச்சு!"

டீச்சரம்மா கெஞ்சாத குறை. அவர் மெஷின் பட்டையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. நாலு நாற்பதுக்கு மெஷின் இருமியது, இழுத்தது, செத்தது. டேங்கைக் குலுக்கினார். ஒரு சொட்டு இல்லை. டீச்சரம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே, எழவு விழுந்த வீடு மாதிரி.

வேடிக்கை பார்க்க மற்ற மூவரும் வேலியோரம் வந்திருந்தார்கள். மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் முன்னால் நின்றார்.

"ஓசியிலயே வேலை முடிச்சுக்கிட்டீங்க இல்ல? எனக்குத் தெரியாதுன்னு நெனைப்பா?"

"ஐயோ மாமா, புல்லு யாருக்கு வேணும்? எல்லாம் ஒரு அன்புதான்" என்றார் தையல்காரர்.

"அன்பு!"

துப்பாத குறையாகச் சொல்லிவிட்டு, பார்சல் ஆபீசைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். இந்தத் தெருவில் அன்பு இருக்கிறதென்று யார் சத்தியம் செய்தாலும் அவர் நம்பத் தயாரில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும், டீச்சரம்மா வாசற்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு கேனைத் தூக்கிவந்து வேலியோரம் நங்கென்று வைத்தாள்.

"உங்க மூணு பேரு கேனையும் அவரு டேங்க்ல ஊத்திட்டீங்க, நான் இதை எங்க கொண்டுபோய் ஊத்துவேன்?"