இடிக்கலாம் என்று வாங்கிய சுவர்

அவள் நேற்றுதான் குடிவந்த வீட்டின் முன்னறையில், கொத்தனார் கரணையின் மரப்பிடியால் சுவரைத் தட்டிப் பார்க்கிறார். ஒற்றை ஜன்னல் வழியே வரும் காலை வெயில் அந்தச் சுவரோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருட்டறை. அங்கே கட்டிலில், எழுந்து நடமாட முடியாத அவள் கணவர். எதிரிலேயே மருத்துவமனை இருக்கிறது என்பதற்காகத்தான் ஊர்க்கோடியில் இருந்த விசாலமான வீட்டை விற்று, யானை விலை சொல்லும் இந்தத் தெருவில் இந்த ஓட்டை வீட்டை வாங்கினாள். முன்னறையில் கட்டில் போட்டால் வாசல் கதவு திறக்காது. "இந்த ஒரு சுவரை எடுத்துட்டாப் போதும்மா, சார் படுத்த இடத்துலேருந்தே வானத்தைப் பாக்கலாம்" என்று தரகர் ஆசை காட்டியிருந்தார். வெறும் தடுப்புச் சுவராக இருந்தால், தட்டியதும் டொக் டொக்கென்று வாய் திறந்து பேசும். மாடியைச் சுமக்கும் சுவரோ கனத்தது. அடியை அப்படியே விழுங்கிவிடும். இது விழுங்குகிறது. மேலே, நடுவில், மூலையில், எங்கே தட்டினாலும் அதே ஊமைச் சத்தம். காரை உதிர்ந்து அவள் பாதத்தில் விழுகிறது. "மேல மூணு வீடு இது தலையிலதான் நிக்குது. போதாததுக்கு விரிசல் வேற. ஒரு செங்கல்லைக்கூட உருவ முடியாதுக்கா" என்கிறார் கொத்தனார், தணிந்த குரலில். "யாருப்பா அது, சும்மா தட்டிக்கிட்டே இருக்கீங்க? கதவு தொறந்துதான் இருக்கு, உள்ள வாங்க!" என்று உள்ளிருந்து கணவர் சிரிக்கிறார். பிறகு, "ஏம்மா, இன்னைக்கே இடிக்கிறாங்களா? தூசி பறக்குமே, போர்வையை இழுத்து மூடிக்கவா?" அவள் கொத்தனாரைப் பார்க்கிறாள். அவர் தரையைப் பார்க்கிறார். "மூடிக்குங்க" என்கிறாள். உள்ளே போர்வை இழுபடும் சத்தம் கேட்கிறது.