மருதாணி அறையில் ஓர் ஊசி

“சீக்கிரம் ஏத்தித் தொலையேம்மா! சம்பந்தியம்மா கீழே வந்துட்டாங்க!”

கையில் ஊசியோடு இருந்த பெண்ணிடம் நவால் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். கட்டிலில் அவள் மகள் ஷைமா ஒருக்களித்துக் கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. உள்ளங்கையில் காயாத மருதாணி விரிப்பெல்லாம் அப்பிக்கிடந்தது. நாலு மாடிக்குக் கீழே தெருவில் குலவைச் சத்தம் கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று.

எகிப்தின் தன்தா நகரத்து வழக்கப்படி கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி விருந்து. வந்த பெண்களில் ஸாபிரீன் என்பவளை நவாலுக்கு முன்பின் தெரியாது. மகளோடு வேலை பார்ப்பவள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். ஷைமா விழுந்ததும், வெட்டிய வெங்காயத்தை மூக்கில் வைக்க ஓடிவந்த பெரியம்மாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவள் அவள்தான். “நான் ஆஸ்பத்திரி நர்ஸ்” என்று சொல்லி, ஷைமாவைப் புரட்டிப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். அஞ்சு நிமிஷமாகியும் இழுப்பு நிற்கவில்லை. பையிலிருந்து ஊசியை எடுத்தாள்.

“இன்னிக்கு என்னென்ன மாத்திரை சாப்பிட்டா? மறைக்காம சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்லையே...”

“பொய் சொன்னா உங்க பொண்ணு மூச்சுக்குத்தான் ஆபத்து.”

நவால் குரலைத் தாழ்த்தினாள். “காலையில வலிப்பு மாத்திரையை நான்தான் வேண்டாம்னுட்டேன். வீடு பூரா ஆளுங்க, பாத்துடுவாங்களேன்னு. அப்புறம் எங்க அக்கா, பொண்ணு படபடப்பா இருக்கான்னு தூக்க மாத்திரை ஒண்ணு கொடுத்தா.”

“நல்லா கொடுத்தாங்க போங்க! தூக்க மாத்திரைக்கு மேல இந்த ஊசி. வேகமா ஏத்தினா வலிப்போட சேர்ந்து மூச்சும் நின்னுடும். யார் வந்தாலும் சரி, நான் மெதுவாத்தான் ஏத்துவேன்.”

மருந்து நூலிழை போல நரம்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நவாலுக்கு உயிரே போயிற்று. ஏற்கெனவே ரெண்டு சம்பந்தம் கூடிவந்து, வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் கலைந்துபோயின. இந்த மூன்றாவது இடமும் கைநழுவினால் மகள் தாங்கமாட்டாள். ஷைமாவுக்கும் வலீதுக்கும் அப்படி ஒரு ஒட்டுதல்.

வலீதின் தாய் இன்ஷிராஹ் ஹாஜியம்மாவோ லேசுப்பட்டவளா? நிச்சயம் ஆனதிலிருந்து அடிக்கடி போன் போட்டு, ‘ஷைமா நல்லா தூங்குறாளா, நேரத்துக்குச் சாப்பிடுறாளா’ என்று துருவுவாள். எதிலாவது குறை கண்டுபிடிக்கத்தான் என்று நவால் அப்போதே முடிவுகட்டியிருந்தாள்.

“படியேற ஆரம்பிச்சுட்டாங்க! அந்தச் செருப்புச் சத்தம் அவங்களோடதுதான். லிஃப்ட் வேற ரிப்பேர். முட்டி வலின்னு கீழேயே உட்கார வேண்டியதுதானே?”

“வரட்டும்.”

“வரட்டுமாவது! உனக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிடுவே. அந்த மருந்துல எனக்கும் ஒரு சொட்டு போடு, நெஞ்சு அடிச்சுக்குது.”

“பதற்றத்துக்கும் இதைப் போடுவாங்கதான். அதுக்காக ஆளாளுக்குப் பங்கு வைக்க இது என்ன பஸ்பூஸா இனிப்பா? தண்ணியைக் குடிச்சிட்டு உட்காருங்க.”

ஊசி முழுதும் இறங்கும் முன்பே ஷைமாவின் இழுப்பு தளர்ந்தது. கிட்டித்திருந்த பற்கள் விலகின. நீளமாக ஒரு மூச்சு வந்தது, பிறகு இன்னொன்று. மிச்ச மருந்தை ஏற்றாமலே ஸாபிரீன் ஊசியை எடுத்தாள். ஆனால் நகரவில்லை. ஷைமாவின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு முழிச்சு நல்லா பேசற வரைக்கும் நான் இங்கேயேதான் இருப்பேன். உலுக்கி எழுப்பாதீங்க.”

நவால் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டாள். கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது.

“என் தங்கமே! என் தோலைச் செருப்பா தைச்சுப் போட்டாலும் உனக்கு ஈடாகாது. எம்பொண்ணைத் திருப்பிக் கொடுத்துட்டியே! நீ யாரு பெத்த புள்ளையோ, உன் குலம் நல்லா இருக்கணும்.”

“நன்றி எனக்குச் சொல்லாதீங்க, வேற ஆளுக்குச் சொல்லுங்க.”

“ஆமாம்மா, அல்லாஹ்தான் அனுப்பினான்” என்று நவால் மேலே பார்த்துக் கையேந்தினாள்.

கதவு தட்டப்பட்டது. நவால் பாய்ந்து மகளின் மேல் சால்வையைப் போர்த்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். இன்ஷிராஹ் முழங்காலைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“வாங்க ஹாஜியம்மா! ஒண்ணுமில்லை, பொண்ணு புழுக்கத்துல லேசா அசந்துட்டா. சர்பத் கொடுத்தா சரியாயிடும்.”

இன்ஷிராஹ் உள்ளே வந்து கதவைத் தானே சாத்தித் தாழிட்டாள்.

“நல்லா தெளியற வரைக்கும் வாயில ஒரு சொட்டுகூட ஊத்திடாதே, நவால்” என்றவள் கட்டிலருகே போனாள். “மூச்சு சீரா இருக்கா, ஸாபிரீன்?”

“சீரா இருக்கு, ஹாஜியம்மா.”

நவால் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“பொண்ணு கேட்டு வந்த அன்னிக்கே உன் மக எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா, நவால். கல்யாண அலைச்சல்ல வலிப்பு வந்துடுமோன்னு அவ டாக்டரைக் கேட்டு ஊசியோட இவளை அனுப்பினதே நான்தான். தெரிஞ்சா நீ கூனிக்குறுகிப் போவியேன்னுதான் விருந்தாளி மாதிரி உட்காரச் சொன்னேன்.”