காளியாயி கொடுத்த பிராது

காளியாயி இன்றைக்கும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

சிவகங்கை கோர்ட்டில் சாட்சி சொல்லிவிட்டு, உச்சிவெயிலில் பஸ்ஸைவிட்டு இறங்கிய சப் இன்ஸ்பெக்டர் சத்தியமூர்த்தி, ஸ்டேஷன் வாசலில் அவளைப் பார்த்ததும் சலித்துக்கொண்டார்.

வேப்பமரம் பக்கத்திலேயே இருந்தது. அவள் நிழலுக்கு நகரவில்லை. வெயிலில் காலை நீட்டி, கண்ணை ஸ்டேஷன் சுவரில் நட்டுவைத்து, இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

எழவு வீட்டில் பெண்கள் அடித்துக்கொள்கிற அதே மாதிரி. ஆனால் ஒப்பாரி இல்லை. கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை.

ஒரு வாரமாக இதே கதைதான்.

முதல் நாள் அவர் தன்மையாகத்தான் கேட்டார், கம்ப்ளைண்ட் எதுவும் கொடுக்க வேண்டுமா என்று. அவள் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அதட்டிப் பார்த்தார். அதற்கும் அசையவில்லை. பொழுது சாய்ந்ததும் சீலையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

விசாரித்ததில், புருஷன் செத்துப் பல வருஷமாகிவிட்டது. ஒரே மகன், முத்துவீரன். சந்தையில் மூட்டை தூக்குகிறான். கல்லுமாதிரி இருக்கிறான். சொந்தபந்தத்தில்கூட சமீபத்தில் எழவு எதுவும் விழவில்லை.

“அது பித்துப் பிடிச்சதுய்யா. அதுவா போயிரும், விடுங்க” என்று ஏட்டு பெரியகருப்பன் முடித்துவிட்டார்.

இன்று ஒன்று மட்டும் வேறாக இருந்தது.

இத்தனை நாளும் அந்த அடியின் சத்தம் கேட்டதே இல்லை. கை ஓங்கும், இறங்கும், பஞ்சில் விழுந்ததுபோல அடங்கிவிடும். இன்று கேட்டது. தொம், தொம் என்று, வெயிலையே யாரோ அடிப்பதுபோல.

சத்தியமூர்த்தி உள்ளே போனார். ஏட்டை இடத்தில் காணவில்லை.

மேஜைமேல், காரைக்குடி இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிய ரிப்போர்ட் கிடந்தது. இங்கிலீஷில் எழுதிய கம்ப்ளைண்ட் என்ற சொல்லில் சத்தியமூர்த்தி ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார். சிவப்பு மையில் சுழித்து, டிக்ஷனரியைப் பார்க்கும்படி எழுதியிருந்தது.

காலேஜில் இங்கிலீஷ் படித்தவர். சுருக்கென்றது. அலமாரியிலிருந்து தடித்த டிக்ஷனரியை இறக்கிப் புரட்டினார்.

எழுத்தைச் சரிபார்த்துவிட்டு மூடப்போனவர், அடியில் பொடியாக அச்சிட்டிருந்ததைப் படித்தார். குறை சொல்வது, முறையிடுவது எல்லாம் பின்னால் வந்து ஒட்டிய அர்த்தம். வேர் லத்தீனில் இருந்தது. அங்கே அதற்கு அடிப்பது என்று பொருள். துக்கம் தாளாமல் மாரில் அடித்துக்கொள்வது.

தொம், தொம்.

அவர் டிக்ஷனரியை மூடி வைத்தார்.

வந்த நாளிலிருந்து அவள் கம்ப்ளைண்ட்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். வாங்கிக்கொள்ளத்தான் தனக்குத் தெரியவில்லை.

தொப்பியைக்கூட எடுக்காமல் வெளியே போய், அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை, என்ன கம்ப்ளைண்ட் என்று கேட்கவில்லை.

“யாரு ஆத்தா செத்தது?”

அவள் கண் சுவரை விட்டு மெல்ல அவரிடம் வந்தது.

“எம் மகன்யா. முத்துவீரன்.”

“அவன்தான் உசுரோட இருக்கானே?”

“இருக்கான்யா. விடியக்காலம் புடிச்சாந்து உள்ள வச்சிருக்காக. மூட்டை எறக்கப் போன ஆச்சி வீட்டுல வெள்ளிச் சாமானக் காணோமாம்.”

குரலில் கெஞ்சல் இல்லை, ஆத்திரம் இல்லை. என்றைக்கோ நடந்து முடிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

சத்தியமூர்த்திக்குப் புரியவில்லை. நேற்று ராத்திரி சிவகங்கைக்குக் கிளம்பும்போது லாக்கப் காலியாகத்தான் இருந்தது. பிடித்ததே இன்றைக்கு என்றால், இவள் ஒரு வாரமாக இங்கே வந்து அடித்துக்கொண்டது எதற்கு?

கேட்க வாயெடுத்தவர் அவள் மடியைப் பார்த்தார்.

காளியாயியின் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

சத்தம் நிற்கவில்லை.

அது ஸ்டேஷனுக்குள்ளேயிருந்து, பின்பக்கத்து லாக்கப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“ஏட்டய்யா, நிறுத்துங்க!” என்று கத்திக்கொண்டே ஓடினார்.

வாசல்படியில் கால் வைத்தபோது சத்தம் நின்றது.

உள்ளே பெரியகருப்பன் பதறிப்போய், தண்ணீர் கொண்டுவரச் சொல்லி யாரையோ விரட்டுவது கேட்டது.

சத்தியமூர்த்தி திரும்பிப் பார்த்தார்.

காளியாயி கொண்டையை அவிழ்த்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.