அக்கா தட்டிய சக்கரம்

சாணைச் சக்கரத்தை விரலில் தொங்கவிட்டு, மரச்சுத்தியால் தட்டப் போன நேரத்தில் மேலங்கிப் பையில் போன் அதிர்ந்தது.

கணவன்தான். உப்பு டப்பா காணவில்லை என்றாலும் கூப்பிடுவான், கிடைத்துவிட்டது என்று சொல்லவும் கூப்பிடுவான்.

மணியக்கா எடுக்கவில்லை.

வீட்டில் வைத்த பெயர் வேறு. மணியக்கா என்பது தொழிற்சாலை வைத்தது. சூளையில் வெந்து வருகிற சக்கரங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. நல்ல சக்கரம் மணி அடித்தது போல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், பொத்தென்று சத்தம் செத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததை அவள் காது பிடித்துவிடும்.

தட்டினாள். கணீர்.

அடுத்ததை எடுப்பதற்குள் மறுபடி போன். காது ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று இந்த வேலையைச் செய்ய முடியாது. இவரை என்னதான் செய்வது என்று முனகிக்கொண்டே எடுத்தாள்.

சட்டியை இறக்கிவிட்டானாம், எதன் மேல் வைப்பது என்று தெரியவில்லையாம். கை சுடுகிறதாம்.

பிரிமணை அங்கேதானே இருக்கும் என்றாள்.

அதைக் காலையில் உன் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன் என்றான். பட்டறையில் அவனுடைய சாணைச் சக்கரம் தேய்ந்து போய்விட்டதாம். இது அளவுக்கு அளவு அப்படியே பொருந்துகிறதாம். இவ்வளவு நல்ல சக்கரத்தின் மேல் சட்டியை வைத்துக் கரியாக்குகிறீர்களே என்று கேலி வேறு செய்தானாம்.

அவள் மரச்சுத்தியைக் கீழே வைத்தாள்.

பொத்தென்று ஒலித்த சக்கரத்தை அந்த இடத்திலேயே சம்மட்டியால் உடைத்துப் போட வேண்டும். இங்கே எல்லா விதியையும் யாராவது எப்போதாவது மீறியிருப்பார்கள், அந்த ஒன்றை யாரும் மீறியதில்லை. முழுசாக வெளியே போனால் எவனாவது எடுத்து மிஷினில் மாட்டுவான். ஓடுகிற ஓட்டத்தில் அது உடைந்தால், துண்டு எங்கே போகிறது என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது.

போன வருஷம் அவள் ஒன்றை உடைக்கவில்லை. வெள்ளை வெளேரென்று, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. எந்தச் சூட்டுக்கும் அசையாது, சட்டி வைக்கத் தோதாக இருக்கும் என்று பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அடுப்படியில்தானே கிடக்கப் போகிறது என்று நினைத்தாள். அடுப்படிக்கு வந்து போகிறவர்களை நினைக்கவில்லை.

அது விரிசல் விட்டதுங்க என்றாள். இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அவனுக்குக் கேட்டது.

"விரிசலா? பாத்தா ஒண்ணும் தெரியலையே. அவன்கூட, மாட்றதுக்கு முன்னாடி ஒரு தட்டு தட்டிப் பாக்கணும் மாமான்னான். உங்க அக்கா தட்டிப் பாத்ததுதான்டா, தைரியமா கொண்டு போன்னு நான்தான் சொன்னேன்."

பொய் சொல்லவில்லை அந்த மனுஷன். அவள் தட்டிப் பார்த்ததுதான்.

தம்பிக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வேலையில் இருந்தால் அவனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி போட்டாள். அதற்குள் கால்கள் வாசலைத் தாண்டியிருந்தன. எங்கே போகிறீர்கள் என்று மேற்பார்வையாளர் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் நிற்காமல் ஓடினாள்.

மதில் சுவரைச் சுற்றினால் பின்பக்கம் பட்டறைத் தெரு. அங்கே தகரம் அறுக்கிற சத்தம், கடைசல் சத்தம், ஆணி அடிக்கிற சத்தம். தெருவின் அடுத்த கோடியில் இருக்கிற தம்பியின் மிஷின் ஓடுகிறதா என்று அவளால் பிரித்தெடுக்க முடியவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட காது, இன்றைக்குப் பார்த்துக் கைவிட்டது. இந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒன்றுதான், கத்தாமல் போனாலும் ஒன்றுதான்.

தெரு முனையில் எல்லாப் பட்டறைகளுக்கும் சேர்த்து ஒரே மெயின் சுவிட்ச் இருந்தது. யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துவிட்டாள்.

ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. எவன்டா அது என்று நாலைந்து கதவுகளிலிருந்து வசவு வந்தது. எல்லாம் ஓய்ந்த பிறகும் ஓர் உறுமல் மட்டும் மிச்சம் இருந்தது. கரண்டு போனாலும் கனத்த சக்கரம் சட்டென்று நிற்காது, ஓடிய வேகத்தில் சுற்றிச் சுற்றி மெல்லத்தான் ஓயும். அது தம்பியின் பட்டறைப் பக்கமிருந்துதான் வந்தது. ஓடினாள்.

"டேய் சின்னவனே!"

கதவு திறந்தே இருந்தது. சக்கரத்தின் இந்தப் பக்கம் வாசலில் அவள். அந்தப் பக்கம், உள்ளே தள்ளி, அவன்.

அவன் சக்கரத்துக்கு நேரே நிற்கவில்லை. புதிதாக மாட்டியதை முதலில் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும், அதுவரை ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவள் சொல்லிச் சொல்லி வாய் வலித்த விஷயம். இன்றைக்குக் கேட்டிருந்தான். சுவரை ஒட்டிக் கை கட்டி, நல்ல பிள்ளையாக நின்றுகொண்டிருந்தான்.

அக்காவின் குரல் கேட்டதும், வாசலைப் பார்ப்பதற்காக நகர்ந்து வந்து, இன்னும் ஓயாத சக்கரத்துக்கு நேராகக் குனிந்தான்.